கண்ணாடி லென்ஸ்: சீட்டில் உள்ள எண்களும் கடையில் கேட்கும் கேள்விகளும்

கண்ணாடிக் கடையில் ஃபிரேமைத் தேர்ந்தெடுத்து முடித்ததும் கேள்விகள் வரிசையாக வரும். 1.56 போதுமா, 1.67 போடலாமா? ப்ளூ கட் வேண்டுமா? பாலியா, சாதாரண ஃபைபரா? ஒவ்வொரு கேள்விக்கும் விலை ஒரு படி ஏறும். படி ஏற ஏறப் பார்வையும் தெளிவாகிக்கொண்டே போகும் என்றுதான் வாங்குபவர் நினைத்துக்கொள்கிறார். உண்மை அப்படி இல்லை. 1.67 என்பது லென்ஸ் மெலிதாக இருக்கும் என்பதற்கான எண். தெளிவு என்று பார்த்தால் மலிவான சாதாரண ஃபைபர் லென்ஸ் அதைவிட ஒரு படி மேல்.

தெளிவாகத் தெரிய முதலில் பவர் சரியாக இருக்க வேண்டும். அடுத்து, லென்ஸின் மையம் கண்ணுக்கு நேராக உட்கார வேண்டும். ஃபிரேமின் அளவு, லென்ஸின் பொருள், கோட்டிங் எல்லாம் அதற்குப் பிறகுதான். கடையில் பேச்சு பெரும்பாலும் கடைசி இரண்டைப் பற்றியே நடப்பதால், இங்கே முதலிலிருந்து தொடங்கலாம்.

சீட்டைப் படிப்பது

கண் மருத்துவமனையில் தரும் சீட்டில் வலது கண்ணுக்கு ஆர் என்றும் இடது கண்ணுக்கு எல் என்றும் இருக்கும். சில இடங்களில் ஓ.டி., ஓ.எஸ். என்று எழுதுவார்கள், ஓ.டி. வலது, ஓ.எஸ். இடது. ஒவ்வொரு கண்ணுக்கும் டி.வி., என்.வி. என இரண்டு வரிசைகள். டி.வி. தூரத்துக்கு, என்.வி. கிட்டத்தில் படிப்பதற்கு. குறுக்கே எஸ்.பி.எச்., சி.ஒய்.எல்., ஆக்ஸிஸ் என்று கட்டங்கள்.

எஸ்.பி.எச். என்பது ஸ்பியர், அதாவது எல்லாத் திசையிலும் சமமாக இருக்கும் பவர். மைனஸ் என்றால் கிட்டப்பார்வை: கிட்டத்தில் தெரியும், தூரம் மங்கும். ப்ளஸ் என்றால் தூரப்பார்வை, அல்லது நாற்பதை ஒட்டி வரும் வெள்ளெழுத்து. அலகு டயாப்டர். 1 மீட்டரை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் வருவது அது. இதை வீட்டிலேயே உணர்ந்து பார்க்கலாம். −2.00 பவர் உள்ளவர் கண்ணாடியைக் கழற்றினால் 50 செ.மீ. வரைதான் தெளிவாகத் தெரியும், −4.00 என்றால் 25 செ.மீ. பவர் 0.25 படிகளாக ஏறும். கடைகளில் புள்ளியை விட்டுவிட்டு ‘நூற்று எழுபத்தைந்து’ என்று சொன்னால் அது 1.75. சீட்டில் புள்ளியும் கூட்டல் கழித்தல் குறியும் தெளிவாக இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். குறி மாறிச் செய்யப்பட்ட லென்ஸைத் திருத்த முடியாது, புதிதாகத்தான் போட வேண்டும்.

சி.ஒய்.எல். என்பது சிலிண்டர் பவர். கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லாதபோது இது தேவைப்படும். ஒரு பி.வி.சி. குழாயைக் கையில் எடுத்துப் பாருங்கள். நீளவாக்கில் வளைவே இல்லை, குறுக்கே முழு வளைவு. சிலிண்டர் லென்ஸும் அதே வடிவம்தான். வளைவு இல்லாத அந்த நீளவாக்கின் திசையைத்தான் ஆக்ஸிஸ் குறிக்கிறது. 180 என்றால் படுக்கை, 90 என்றால் நெட்டு. −2.50 / −0.75 × 180 என்று எழுதியிருந்தால், படுக்கைத் திசையில் பவர் −2.50, நெட்டுத் திசையில் −3.25.

இதே பவரை இன்னொரு மருத்துவர் −3.25 / +0.75 × 90 என்று எழுதலாம். ‘போன வருடம் இரண்டரை, இப்போது மூன்றே காலா’ என்று பதற வேண்டாம், இரண்டும் ஒரே லென்ஸ். மாற்றும் முறை எளிது: ஸ்பியரையும் சிலிண்டரையும் கூட்டினால் புதிய ஸ்பியர், சிலிண்டரின் குறியை மாற்றுங்கள், ஆக்ஸிஸை 90 டிகிரி திருப்புங்கள். பழைய சீட்டையும் புதியதையும் ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே முறைக்குக் கொண்டுவந்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

ஆக்ஸிஸ் பிசகினால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 5 டிகிரி விலகினால் சிலிண்டர் பவரில் சுமார் 17 சதவீதம் திருத்தப்படாமல் மிஞ்சும். 10 டிகிரி விலகினால் 35 சதவீதம். 30 டிகிரி விலகினால் முழுச் சிலிண்டரும் வேறொரு திசையில் பிழையாகத் திரும்பி நிற்கும். சிலிண்டரே போடாமல் இருப்பதும் அதுவும் ஒன்றுதான். −0.50 சிலிண்டர் உள்ளவருக்கு 5 டிகிரி பெரிய விஷயமில்லை. −2.00 உள்ளவருக்கு 10 டிகிரி என்பது கிட்டத்தட்ட 0.70 டயாப்டர் மங்கல். அதிகச் சிலிண்டர் உள்ளவர்கள் முழு வட்ட ஃபிரேமைத் தவிர்ப்பது நல்லது என்பதற்குக் காரணம் இதுதான்: வட்ட ஃபிரேமில் துடைக்கத் துடைக்க லென்ஸ் மெல்லச் சுழன்றுவிடும். நேற்று வரை தெரிந்தது இன்று தெரியவில்லை என்று வருபவர்களில் சிலருக்கு ஃபிரேமின் திருகு லூசாகியிருக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது ஆட். வெள்ளெழுத்துக்காகத் தூரப் பவரின் மேல் கூட்டும் ப்ளஸ் பவர் இது. நம் சீட்டுகளில் ஆட் என்று தனியாக எழுதாமல் என்.வி. வரிசையில் மொத்தத்தை எழுதுவது வழக்கம். டி.வி. −1.00, என்.வி. +1.00 என்றால் ஆட் +2.00. கடையில் சிலர் என்.வி.யையே ஆட் என்று எடுத்துக்கொண்டு பைஃபோகல், அதாவது மேலே தூரத்துக்கும் கீழே படிக்கவும் இரு பவர் உள்ள லென்ஸ், போட்டுவிடுவது உண்டு. அப்படிப் போட்டால் இந்த ஆளுக்குப் படிக்கும் பவர் முழுதாக ஒரு டயாப்டர் குறைந்துவிடும், செய்தித்தாளைக் கை நீட்டித்தான் பிடிக்க வேண்டியிருக்கும். ஆட் பெரும்பாலும் இரண்டு கண்ணுக்கும் ஒன்றாகவே இருக்கும். இல்லையென்றால் மருத்துவரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

6/6, 6/9, என்6 என்பவை பவர் அல்ல. அந்தப் பவரைப் போட்ட பிறகு எந்த வரி வரை படிக்க முடிந்தது என்பதன் பதிவு.

எந்த நேரத்தில் சோதிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் உப்பியும் வற்றியும் பவர் மாறிக்கொண்டே இருக்கும். அந்த வாரத்தில் போட்ட கண்ணாடி, சர்க்கரை இறங்கியதும் பயன்படாது. கண்புரை அறுவை சிகிச்சை செய்தவர்கள் மருத்துவர் சொல்லும் வரை, வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம், பொறுத்துத்தான் பவர் எடுக்க வேண்டும். சின்னக் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து விட்டுச் சோதிக்காத பவரை நம்ப வேண்டாம். குழந்தையின் கண் பார்க்கும்போதே தானாகக் குவித்துக்கொள்ளும். அதனால் மெஷின் இல்லாத மைனஸைக் காட்டும்.

சீட்டில் பெரும்பாலும் இல்லாத எண்: பி.டி.

இரண்டு கண்ணின் பாப்பாக்களுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் பி.டி. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 54 முதல் 74 மி.மீ.க்குள் இருக்கும். படிக்கும்போது கண்கள் உள்நோக்கித் திரும்புவதால் 3 மி.மீ. போலக் குறையும். ஒவ்வொரு லென்ஸிலும் ஒளி வளையாமல் நேராகப் போகும் ஒரு புள்ளி உண்டு. அதை ஆப்டிகல் சென்டர் என்பார்கள். அது பாப்பாவுக்கு நேராக அமைய வேண்டும்.

அமையாவிட்டால் லென்ஸ் பட்டகமாகவும், அதாவது பிரிசமாகவும், வேலை செய்யத் தொடங்கும். விலகலைச் செ.மீ.யில் எடுத்துப் பவரால் பெருக்கினால் பட்டகத்தின் அளவு வரும். −6.00 பவர் உள்ளவருக்கு மொத்த பி.டி. 5 மி.மீ. தவறினால் 0.5 × 6 = 3 பிரிசம் டயாப்டர். 1 பிரிசம் என்பது 1 மீட்டர் தொலைவில் உள்ள பொருளை 1 செ.மீ. நகர்த்திக் காட்டுவது. மைனஸ் லென்ஸின் மையங்கள் பி.டி.யைவிட அகலமாகப் போனால் இரண்டு கண்களும் வெளிப்பக்கம் விலகினால்தான் உருவம் ஒன்றாகும். உள்ளே திரும்பக் கண்ணுக்கு நிறையத் தெம்பு உண்டு, வெளியே விலக மிகக் குறைவு. ஆகவே மாலையானால் நெற்றி வலி, வாசிக்கும்போது வரி இரட்டிப்பது. பவர் சரி, லென்ஸ் விலை உயர்ந்தது, ஆனால் போட முடியவில்லை என்ற புகாரின் பின்னால் பலமுறை இதுதான் இருக்கும். மேல்கீழாக விலகுவது இன்னும் மோசம். அரை பிரிசம் வித்தியாசமே சிலருக்குத் தாங்காது.

பி.டி.யை அளக்க மி.மீ. ஸ்கேல் போதும். அளக்கப்படுபவரும் நீங்களும் கை நீட்டும் தூரத்தில், ஒரே உயரத்தில், எதிரெதிரே உட்காருங்கள். ஸ்கேலை அவர் புருவத்துக்குக் கீழே மூக்குத் தண்டில் வையுங்கள். உங்கள் வலக்கண்ணை மூடிக்கொண்டு, திறந்திருக்கும் உங்கள் இடக்கண்ணை அவரைப் பார்க்கச் சொல்லி, அவருடைய வலக்கண்ணில் பூஜ்யத்தை வையுங்கள். ஸ்கேலை அசைக்காமல் கண்ணை மாற்றி மூடுங்கள். அவர் இப்போது உங்கள் வலக்கண்ணைப் பார்க்கட்டும். அவருடைய இடக்கண்ணில் வரும் எண்தான் பி.டி. நம்மவர்களின் கரும்பழுப்புக் கண்ணில் பாப்பாவின் விளிம்பு பிடிபடாது. அதனால் ஒரு கருவிழியின் வெளி விளிம்பிலிருந்து மற்றக் கருவிழியின் உள் விளிம்பு வரை அளந்தாலும் அதே எண் வரும். மூன்று முறை அளந்து 1 மி.மீ.க்குள் ஒத்துப்போனால் சரி.

பெரிய பவருக்கும், மேலிருந்து கீழே பவர் மெல்ல மாறும் புரோகிரஸிவ் லென்ஸுக்கும் இந்த மொத்த எண் போதாது. மூக்கின் நடுவிலிருந்து ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனி அளவு வேண்டும். பலருக்கு இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. ஃபிரேமைப் போட்டுக்கொண்டு நேரே பார்க்கும்போது பாப்பா லென்ஸின் எந்த உயரத்தில் வருகிறது என்பதையும் அளக்க வேண்டும். ஆன்லைனில் வாங்கும் கண்ணாடியில் குறைந்த பவருக்குப் பிரச்சினை வராததற்கும் பெரிய பவருக்கு வருவதற்கும் இந்த அளவுகள்தான் காரணம்.

தடிமன்: இண்டெக்ஸைவிட ஃபிரேம் பெரிது

இண்டெக்ஸ் என்பது ஒளிவிலகல் எண். எண் கூடினால் அதே பவரைக் குறைந்த வளைவில் கொண்டுவரலாம், லென்ஸ் மெலியும். ஆனால் விளிம்பின் தடிமன் ஆரத்தின் இருமடியைப் பொறுத்து ஏறுகிறது. ஆகவே ஃபிரேம் கொஞ்சம் பெரிதானாலும் தடிமன் நிறையக் கூடிவிடும்.

ஃபிரேமின் காதுக் கம்பிக்கு உள்பக்கம் 54□18-140 என்பது போல எழுதியிருக்கும். 54 என்பது ஒரு லென்ஸின் அகலம், 18 மூக்குப் பாலம், 140 கம்பியின் நீளம், எல்லாம் மி.மீ.யில். முதல் இரண்டையும் கூட்டினால் 72. உங்கள் பி.டி. 62 என்றால் ஒவ்வொரு லென்ஸின் மையத்தையும் 5 மி.மீ. உள்ளே தள்ள வேண்டும். மையத்திலிருந்து வெளி விளிம்பு 27 + 5 = 32 மி.மீ. அதே ஆள் 46□20 ஃபிரேம் எடுத்தால் கூட்டுத்தொகை 66, தள்ளுவது 2 மி.மீ., விளிம்பு வரை 25 மி.மீ.தான்.

−6.00 பவருக்கு இதைக் கணக்கிட்டால், பெரிய ஃபிரேமில் சாதாரண 1.50 லென்ஸ் மையத்தைவிட விளிம்பில் சுமார் 6.1 மி.மீ. கூடுதல் தடிமனாக இருக்கும். அதே ஃபிரேமில் 1.67 போட்டால் 4.6. சின்ன ஃபிரேமிலோ சாதாரண 1.50 லென்ஸே 3.75 மி.மீ.தான். 1.67இன் நடுப்பகுதியையும் மெலிதாகச் செய்ய முடியும் என்பதால் மொத்தத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே தடிமனுக்கு வந்து நிற்கும். ஃபிரேமை மாற்றியதற்குச் செலவு இல்லை. சின்ன ஃபிரேமில் 1.60 போட்டால் இன்னும் நல்லது. பெரிய சதுர ஃபிரேமும் வேண்டும், மெல்லிய லென்ஸும் வேண்டும், பவரும் ஏழு எட்டு என்பவருக்குத்தான் 1.74 போன்ற எண்கள். பவர் −3.00, ஃபிரேம் சின்னது என்றால் 1.50க்கும் 1.67க்கும் விளிம்பில் வரும் வித்தியாசம் அரை மி.மீ. போலத்தான். அதற்குப் பணம் கொடுப்பதா என்பது அவரவர் விருப்பம். எங்கள் கருத்தில் வேண்டாம்.

ப்ளஸ் பவருக்குத் தடிமன் நடுவில் வரும். அங்கே ஃபிரேமின் அளவுக்கு ஏற்றபடி லென்ஸைக் கடைந்து செய்யச் சொல்ல வேண்டும். பெரிய வட்டமாகத் தயாராக வரும் லென்ஸை வெட்டி மாட்டினால் நடுவில் வீணாகத் தடிமன் நிற்கும். ஏஸ்ஃபெரிக் என்று சொல்வது, ஓரங்களை நோக்கி வளைவு மெல்ல மாறும்படி செய்த லென்ஸ். தட்டையாக இருக்கும், கண் பெரிதாகவோ சிறிதாகவோ தெரிவது குறையும். மையம் தவறினால் சாதாரண லென்ஸைவிடக் கூடுதலாகத் தொந்தரவு தரும்.

லென்ஸின் பொருளும் ஆபே எண்ணும்

இது கடையில் யாரும் சொல்லாத எண். லென்ஸ் வெள்ளை ஒளியை நிறங்களாக எவ்வளவு பிரிக்கிறது என்பதை ஆபே எண் காட்டும். எண் அதிகமாக இருந்தால் பிரிப்பு குறைவு, தெளிவு அதிகம். 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் ஆபேயின் பெயர்.

பழைய கண்ணாடி லென்ஸுக்கு, அதாவது கிரௌன் கிளாஸுக்கு, இண்டெக்ஸ் 1.523, ஆபே 58 போல. தெளிவில் குறையில்லை, கனம் அதிகம், விழுந்தால் உடைந்து கண்ணுக்கு ஆபத்து. அதனாலேயே வழக்கொழிந்துவிட்டது. கடைகளில் ‘ஃபைபர்’ என்று சொல்லும் சாதாரண பிளாஸ்டிக் லென்ஸின் பெயர் சி.ஆர்.-39. 1940களில் அமெரிக்காவில் உருவானது. இண்டெக்ஸ் 1.50, ஆபே 58, கனமோ கிளாஸில் பாதி. பாலிகார்பனேட்டின் இண்டெக்ஸ் 1.586, ஆபே 30. டிரைவெக்ஸ் 1.53, ஆபே 43-45. 1.60 லென்ஸ்களில் நல்ல ரகமான எம்.ஆர்.-8க்கு ஆபே 41. 1.67க்கு 32 போல, 1.74க்கு 33.

லென்ஸின் நடுவில் பார்க்கும்போது இந்த எண்ணால் எந்த வித்தியாசமும் இல்லை. ஓரமாகப் பார்க்கும்போதுதான் தெரியும். −6.00 லென்ஸில் மையத்திலிருந்து 10 மி.மீ. தள்ளிப் பார்த்தால் 6 பிரிசம். அதை ஆபே எண்ணால் வகுத்தால் நிறச் சிதறல்: சி.ஆர்.-39இல் 0.10, பாலியில் 0.20. ஏறத்தாழ 0.10ஐத் தாண்டினால் பலர் கவனிக்கத் தொடங்குவார்கள். வெள்ளை ட்யூப்லைட்டின் ஒரு ஓரத்தில் நீலக் கோடும் மறு ஓரத்தில் ஆரஞ்சுக் கோடும் தெரியும். பக்கவாட்டில் உள்ள எழுத்து கலங்கும். −2.00 பவரில் பாலியே போட்டாலும் இது 0.07தான், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆக, பாலி மோசம் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. பெரிய பவருக்கு, அதுவும் அகலமான ஃபிரேமில், அது சரியான தேர்வல்ல என்பதுதான் சரி.

பாலிக்கு வேறு பலம் உண்டு: அடி தாங்கும். குழந்தைகளுக்கும் ஒரு கண்ணில் மட்டுமே நல்ல பார்வை உள்ளவர்களுக்கும் வெல்டிங், லேத் பட்டறையில் வேலை செய்பவர்களுக்கும் பாலி அல்லது டிரைவெக்ஸ்தான் போட வேண்டும். இங்கே ஆபே எண்ணைப் பார்க்கத் தேவையில்லை. பட்டறையில் அதன் மேல் பாதுகாப்புக் கண்ணாடியும் தனியாக வேண்டும். நெயில் பாலிஷ் அழிக்கும் அசிட்டோன் மட்டும் பாலியின் மேல் படக் கூடாது, லென்ஸ் வெடித்து வெளுத்துவிடும். ஓட்டை போட்டுத் திருகு மாட்டும் ரிம்லெஸ் ஃபிரேமுக்குச் சி.ஆர்.-39ஐயும் 1.56ஐயும் போட்டால் ஓட்டையைச் சுற்றிக் கீறல் விடும். அதற்கு பாலி, டிரைவெக்ஸ் அல்லது 1.60.

1.56 பற்றி ஒரு வார்த்தை. நம் கடைகளில் இப்போது அதிகம் விற்பது இதுதான். 1.50ஐவிடச் சற்று மெலிது, ஆபே 40க்கும் கீழ், அடி தாங்குவதில் சுமார். மோசமான லென்ஸ் இல்லை. ஆனால் ஹை இண்டெக்ஸ் என்று சொல்லி விற்றால் அந்த விலையைக் கொடுக்காதீர்கள்.

கோட்டிங்

ஒளி லென்ஸில் படும்போது ஒவ்வொரு பரப்பிலும் கொஞ்சம் திரும்பிவிடும். 1.50 லென்ஸில் பரப்புக்கு 4 சதவீதம், இரு பரப்பும் சேர்ந்து 8. 1.67இல் இது ஏறக்குறைய 12 சதவீதம். ஏ.ஆர். (ஆன்டி ரிஃப்ளெக்ஷன்) கோட்டிங் இந்த இழப்பை ஓரிரு சதவீதத்துக்குக் குறைக்கும். ஹை இண்டெக்ஸ் லென்ஸை ஏ.ஆர். இல்லாமல் வாங்குவது வீண். இரவில் வண்டி ஓட்டும்போது எதிரே வரும் ஹெட்லைட்டுக்குப் பக்கத்திலேயே அதன் நிழலுருவமும் தெரியும். கோட்டிங் இருக்கிறதா என்று பார்க்க ட்யூப்லைட்டின் கீழ் லென்ஸைச் சாய்த்துப் பிடியுங்கள். வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தால் கோட்டிங் இல்லை. மங்கலான பச்சையோ ஊதாவோ தெரிந்தால் இருக்கிறது. அதே சமயம் அந்த ட்யூப்லைட்டின் பிம்பம் நேராக ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஓரம் தவிர மற்ற இடத்தில் நெளிந்தால் பரப்பைச் சரியாகப் பாலிஷ் செய்யவில்லை, அல்லது லென்ஸைக் கொஞ்சம் பெரிதாக வெட்டி ஃபிரேமுக்குள் இறுக்கித் திணித்திருக்கிறார்கள்.

ஹார்ட் கோட் கீறலைத் தாமதப்படுத்தும், தடுக்காது. ஏ.ஆர். கோட்டிங்குக்குப் பெரிய எதிரி வெப்பம். பிளாஸ்டிக் சூட்டில் விரியும் அளவுக்கு மேலே உள்ள மெல்லிய கோட்டிங் விரியாது, வலை வலையாக வெடிக்கும். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டிலும் ஸ்கூட்டர் பெட்டியிலும் கண்ணாடியை வைக்காதீர்கள், வெந்நீரில் கழுவாதீர்கள். கழுவும் முறை: முதலில் குழாய்த் தண்ணீரில் தூசி போக அலசி, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பை விரலால் தடவி, மீண்டும் அலசி, மைக்ரோஃபைபர் துணியில் ஒற்றி எடுங்கள். காய்ந்த லென்ஸைச் சட்டை நுனியாலோ முந்தானையாலோ துடைத்தால் அதில் ஒட்டியிருக்கும் மணல்துகளே கீறிவிடும்.

நீல ஒளியைத் தடுக்கும் என்று விற்கப்படும் ப்ளூ கட்டுக்கு வருவோம். கடையில் ஒரு சின்ன லேசர் பேனாவை எடுத்து, அட்டையில் ஊதா வெளிச்சம் படுவதைக் காட்டி, நடுவில் லென்ஸை வைத்ததும் வெளிச்சம் நிற்பதைக் காட்டுவார்கள். பார்க்கப் பிரமாதமாக இருக்கும். அந்தப் பேனாக்கள் பொதுவாக 405 நானோமீட்டரில் ஒளிர்பவை. செல்ஃபோன், மானிட்டர் திரைகளின் நீல ஒளி 450 நானோமீட்டரை ஒட்டி உச்சம் பெறுவது. ஆக அந்தச் சோதனை திரையின் ஒளியைப் பற்றி எதையும் காட்டவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து அலசி 2023இல் வெளியான காக்ரேன் மீளாய்வு, கணினி வேலையால் வரும் கண் களைப்பைக் குறைப்பதில் சாதாரண லென்ஸைவிட ப்ளூ கட் லென்ஸால் குறுகிய காலத்தில் பலன் இருப்பதாகத் தெரியவில்லை என்ற முடிவுக்கு வந்தது. திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைந்து கண் வறண்டுபோவதும் ஒரே தூரத்தில் குவித்தே வைத்திருப்பதும்தான் களைப்புக்கான காரணங்கள். ப்ளூ கட்டால் கெடுதல் இல்லை. லேசான மஞ்சள் சாயல் இருக்கும். ஜவுளி, பெயிண்ட், அச்சு வேலையில் நிறம் பார்க்க வேண்டியவர்கள் தவிர்க்கலாம். புற ஊதாத் தடுப்பு வேறு விஷயம். பாலியிலும் 1.60க்கு மேற்பட்ட லென்ஸ்களிலும் அது பெரும்பாலும் பொருளிலேயே இருக்கிறது.

வெயிலில் கறுக்கும் ஃபோட்டோகுரோமிக் லென்ஸைக் கார் ஓட்ட நம்பி வாங்க வேண்டாம். அது கறுக்கப் புற ஊதா ஒளி வேண்டும். காரின் முன் கண்ணாடி அதைத் தடுத்துவிடும். இன்னொன்று, சூடு கூடக் கூட அது குறைவாகவே கறுக்கும். மே மாத வேலூரில் அதன் முழுக் கறுப்பை எதிர்பார்க்க முடியாது.

பைஃபோகலும் புரோகிரஸிவும்

கே.டி. என்று கடையில் சொல்வது கீழே வட்டமாகப் படிக்கும் பகுதி உள்ள பைஃபோகல். டி என்பது மேல்பக்கம் நேர்கோடாக வெட்டிய வடிவம். படிக்க அகலமும் தெளிவும் டியில் கூடுதல், கோடு பளிச்சென்று தெரிவதுதான் குறை. இரண்டிலும் கையெட்டும் தூரத்துக்கு, அதாவது கணினிக்கு, தனிப் பவர் கிடையாது.

புரோகிரஸிவில் மேலே தூரம், கீழே கிட்டம், இடையில் பவர் மெல்ல ஏறும் குறுகிய பாதை. அப்படிப் பவர் ஏறும்போது இரு பக்கமும் கலங்கல் வருவது தவிர்க்க முடியாத ஒளியியல் விதி. எந்த கம்பெனியாலும் அதை அழிக்க முடியாது, இடம் மாற்றிப் பரப்பத்தான் முடியும். ஆட் கூடக் கூடக் கலங்கலும் கூடும். அதனால் ஐம்பத்தைந்தில் முதன்முறை புரோகிரஸிவ் போடுபவரைவிட நாற்பத்திரண்டில் போடுபவர் எளிதாகப் பழகிவிடுவார். ஃபிரேமின் உயரம் போதாமல் படிக்கும் பகுதியை வெட்டிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பாப்பாவிலிருந்து ஃபிரேமின் அடி வரை எத்தனை மி.மீ. தேவை என்பதை லென்ஸ் கம்பெனியே குறிப்பிட்டிருக்கும், டிசைனைப் பொறுத்து 14 முதல் 18 வரை. ஆர்டர் கொடுக்கும் முன் கேளுங்கள்.

வாங்கிய புரோகிரஸிவ் சொன்னதுதானா என்று சோதிக்க வழி உண்டு. லென்ஸின் மேல் வாயால் ஊதி வெளிச்சத்தில் சாய்த்தால், 34 மி.மீ. இடைவெளியில் இரண்டு நுண்ணிய குறிகள் தெரியும். காதுப் பக்கக் குறியின் கீழ் ஆட் எண், மூக்குப் பக்கக் குறியின் கீழ் கம்பெனி அல்லது டிசைன் அடையாளம். இரண்டு லென்ஸிலும் குறிகள் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும்.

கையில் வாங்கும்போதும், ஒத்துக்கொள்ளாதபோதும்

பணம் கட்டும் முன், லென்ஸின் பவரை அளக்கும் லென்ஸோமீட்டரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஓரளவான கடை எல்லாவற்றிலும் இந்த மெஷின் இருக்கும். ஸ்பியர், சிலிண்டர், ஆக்ஸிஸ் மூன்றையும் சீட்டோடு ஒப்பிடுங்கள். அமெரிக்கத் தரமான ஏ.என்.எஸ்.ஐ. இசட்80.1 சாதாரணப் பவர்களில் 0.13 டயாப்டர் வரை விலகலை ஏற்கிறது. முழுக் கால் டயாப்டர் பிசகியிருந்தால் திருப்பிக் கொடுக்கலாம். அதே மெஷினில் இரு லென்ஸின் மையத்திலும் மைப்புள்ளி வைக்கச் சொல்லி, புள்ளிகளுக்கு நடுவில் ஸ்கேலை வைத்தால் பி.டி. சரிதானா என்று தெரிந்துவிடும். மெஷின் இல்லாத இடத்தில் லென்ஸைக் கை நீட்டிப் பிடித்து அதன் வழியே கதவுச் சட்டத்தைப் பார்த்து லேசாக அசையுங்கள். சட்டம் லென்ஸோடு ஒரே திசையில் நகர்ந்தால் மைனஸ், எதிர்த்திசையில் நகர்ந்தால் ப்ளஸ். லென்ஸைச் சுழற்றும்போது கோடு சாய்ந்தால் சிலிண்டர் இருக்கிறது.

புதுச் சிலிண்டரோ ஆக்ஸிஸ் மாற்றமோ இருந்தால் தரை சாய்வாகவும் மேசை சரிவாகவும் சில நாள் தெரியும். புரோகிரஸிவுக்கு இரண்டு வாரம் வரை பொறுக்கலாம். அதற்கு மேலும் சரியாகவில்லை என்றால் ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். எந்தக் கண்ணை மூடினாலும் தொந்தரவு நின்றுவிடுகிறதா? அப்படியானால் இரு கண்ணும் சேர்ந்து பார்ப்பதில்தான் கோளாறு: பி.டி., மையத்தின் உயரம், அல்லது இரு லென்ஸின் பவர் வித்தியாசம். ஒரு கண்ணில் மட்டும் மங்கல் நீடித்தால் அந்த லென்ஸின் பவரையோ ஆக்ஸிஸையோ பார்க்க வேண்டும். எழுத்து தெளிவாக இருந்தும் எல்லாம் வளைந்தோ தள்ளியோ தெரிந்தால், பழைய கண்ணாடியின் முன்வளைவும் புதியதின் முன்வளைவும் ஒன்றா என்று கேளுங்கள்; பொருள் மாறும்போது அதுவும் மாறியிருக்கும். கண்ணாடி மூக்கில் தாழ்ந்து உட்கார்ந்திருந்தாலும், −4.00க்கு மேல் என்றால், பவர் குறைந்தது போலத் தெரியும். அதற்கு லென்ஸை மாற்ற வேண்டியதில்லை, மூக்குத் தாங்கியை நெருக்கினால் போதும். இவை எல்லாம் சரியாக இருந்தும் தெரியவில்லை என்றால் அடுத்து போக வேண்டிய இடம் பவர் எழுதிய மருத்துவரிடம், பழைய கண்ணாடியையும் கையில் எடுத்துக்கொண்டு.